மூச்சில்லாத அரைமணி நேரம்

குடல்வால் எடுப்பதானாலும் சரி, இடுப்பு மூட்டு மாற்றுவதானாலும் சரி, முழு மயக்கம் கொடுத்ததும் மயக்க மருத்துவர் செய்கிற முதல் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். வாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாயை விட்டு, இரண்டு குரல் நாண்களுக்கும் நடுவே நுழைத்து, மூச்சுக்குழலில் நிறுத்துவார். குழாயின் மறுமுனையை வென்டிலேட்டரில் மாட்டிவிட்டால், அதன்பின் மூச்சு விடுகிற பொறுப்பு எந்திரத்துடையது. அறுவை மருத்துவர் வயிற்றருகே நின்று தன் வேலையைப் பார்ப்பார். மயக்க மருத்துவர் தலைமாட்டில் நின்று தன் வேலையைப் பார்ப்பார். ஒருவர் கை மற்றவர் இடத்துக்குப் போகாது.

தொண்டையில் அறுவை என்றால் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. குரல் நாணில் முளைத்த கட்டியை எடுக்க வேண்டும். அந்தக் கட்டியின் மேலேயே குழாய் உரசிக்கொண்டு கிடக்கும். சிலருக்கு ஹெச்.பி.வி. வைரஸின் 6, 11 ஆம் வகைகளால் குரல்வளை முழுக்க மருக்கள் மண்டியிருக்கும். வெட்ட வெட்ட மீண்டும் முளைக்கும் அவற்றை எடுக்க ஒரே ஆள் பலமுறை அறுவை மேசைக்கு வரவேண்டியிருக்கும். வேறு சிலருக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் குழாயோடு கிடந்து மீண்ட பிறகு, குழாய் அழுத்திய இடத்தில் தழும்பு சுருங்கி, குரல் நாண்களுக்குக் கீழே மூச்சுக்குழல் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒடுங்கியிருக்கும். அவர்கள் மூச்சு இழுக்கும் சத்தம் அடுத்த அறையில் கேட்கும். சரிசெய்ய வேண்டிய இடமும் மூச்சு போகவேண்டிய இடமும் ஒன்றே. அந்தத் துளைக்குள் குழாயைத் திணித்தால் மருத்துவர் பார்க்க வேண்டியது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

இதைச் சமாளிக்க மருத்துவம் நெடுங்காலம் பல வழிகளைக் கையாண்டது. உள்விட்டம் 5 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள மெல்லிய குழாய் ஒன்று. சில நிமிடம் குழாயை உருவிவிட்டு அறுவை, பிறகு மறுபடி குழாய், மறுபடி உருவல் என்று மாற்றி மாற்றிச் செய்வது மற்றொன்று. 1967-ல் சாண்டர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஊசிமுனை வழியாக உயர் அழுத்தத்தில் ஆக்சிஜனைப் பீய்ச்சும் ஜெட் முறையைக் கொண்டுவந்தார். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நல்ல கைகளில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒடுங்கிய தொண்டையில் அது ஆபத்தானது. உள்ளே பீய்ச்சிய காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி நுரையீரல் கிழியும். ஒவ்வொரு பீய்ச்சலுக்கும் குரல் நாண்கள் படபடக்கும். நுண்ணோக்கியில் பார்த்து அரை மில்லிமீட்டர் திசுவைச் செதுக்குகிறவருக்கு அது பெரும் தொல்லை.

அறுவை மருத்துவர் உண்மையில் வேண்டுவது வேறு: தொண்டைக்குள் எந்தக் குழாயும் இல்லை, எந்த அசைவும் இல்லை, மூச்சும் ஓடவில்லை, ஆனாலும் நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையவில்லை. கேட்டால் நடக்காத காரியம் போலத்தான் இருக்கும். நடக்கிறது. எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

மூச்சு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருகிறது. கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுகிறது. நெஞ்சு ஏறி இறங்கும் ஒரே அசைவில் இரண்டும் நடந்துவிடுவதால் அவற்றை ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். பள்ளிப் பாடநூலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. உடலின் கணக்கில் அவை தனித்தனிப் பேரேடுகள்.

முதலில் ஆக்சிஜன் கணக்கு. ஓய்வாகப் படுத்திருக்கும் வளர்ந்த ஆள் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறார். சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் காற்று மிச்சம் இருக்கும். அந்தக் காற்றின் பெரும்பகுதி நைட்ரஜன். ஆக்சிஜன் முந்நூறு மில்லி சொச்சம்தான். எனவே மூச்சு நின்றால் ஒரு நிமிடத்திலேயே நெருக்கடி தொடங்கிவிடும். மயக்கம் கொடுப்பதற்கு முன்பு சில நிமிடம் முகமூடி வைத்துத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தால் நைட்ரஜன் வெளியேறி, அதே இரண்டரை லிட்டர் இடத்தில் இரண்டு லிட்டருக்கு மேல் ஆக்சிஜன் நிரம்பும். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்கு இப்போது எட்டு நிமிடம் வரை அவகாசம் கிடைக்கிறது. மிகையான உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது மூன்று நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். படுத்த நிலையில் வயிறு நெஞ்சை அழுத்தி, அந்த இரண்டரை லிட்டர் இருப்பே சுருங்கிவிடுவதுதான் காரணம்.

இனி, மூச்சு நின்ற நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. ரத்தம் நுரையீரலின் நுண்ணறைகளைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. பதிலுக்கு நுண்ணறைக்குள் வரும் கார்பன் டை ஆக்சைடு 10 முதல் 20 மில்லிதான். உடல் நிமிடத்துக்கு 200 மில்லி கார்பன் டை ஆக்சைடை உண்டாக்குவது உண்மை. ஆனால் அது ரத்தத்திலும் திசுக்களிலும் எளிதில் கரைந்து தங்கக்கூடியது; நுண்ணறையில் அழுத்தம் சமனாகிவிட்டதும் மீதமெல்லாம் உடலுக்குள்ளேயே தேங்கிவிடும். 250 வெளியே போகிறது, 20 உள்ளே வருகிறது. இந்த வித்தியாசத்தால் நுண்ணறைகளில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றே தாழ்கிறது. தொண்டை திறந்திருந்தால், அங்கே இருக்கும் வாயு தானாகக் கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்பும். இறைக்க இறைக்க ஊறும் கிணறு போல, ரத்தம் எடுக்க எடுக்க நுரையீரல் நிரம்பிக்கொண்டே இருக்கிறது. நெஞ்சு அசையவே வேண்டாம்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. தொண்டையில் நிற்பது சாதாரணக் காற்றானால் ஒவ்வொரு முறையும் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான் இறங்கும். அது ரத்தத்துக்குப் போகாமல் நுண்ணறையிலேயே சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ஊறி வருவது முழுக்க ஆக்சிஜனாக இருக்கவேண்டும். தொண்டையும் அடைபடாமல் திறந்திருக்கவேண்டும். இந்த இரண்டும் இருந்தால் ஆக்சிஜன் கணக்கில் காலக்கெடு என்று ஏறக்குறைய எதுவும் இல்லை.

இது இன்று நேற்றுக் கண்டது அல்ல. 1908-லேயே ஜெர்மானிய மருத்துவர் ஃபிரான்ஸ் வோல்ஹார்ட், குராரே கொடுத்து மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்த நாய்கள் ஆக்சிஜன் இணைப்பில் வெகுநேரம் உயிரோடிருப்பதைக் காட்டினார். 1944-ல் அமெரிக்காவில் டிரேப்பரும் வைட்ஹெட்டும் இதையே விரிவாக ஆராய்ந்தார்கள். ஸ்வீடனின் ஹோல்ம்டால் 1956-ல் இதை வைத்து ஓர் ஆய்வேடே எழுதினார். மனிதர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது ஃப்ரூமின், எப்ஸ்டீன், கோஹன் மூவரும் 1959-ல் வெளியிட்டது. சிறிய அறுவைகளுக்கு வந்த எட்டுப் பேருக்கு மயக்கமும் தசைத்தளர்வு மருந்தும் கொடுத்து, மூச்சுக்குழலில் வைத்த குழாயை ஆக்சிஜனோடு மட்டும் இணைத்து, 18 முதல் 55 நிமிடங்கள் வரை மூச்சில்லாமல் வைத்திருந்தார்கள். ஆக்சிஜன் யாருக்கும் குறையவில்லை. எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.

ஆனால் மற்றப் பேரேடு பயங்கரமாக இருந்தது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் இயல்பாக 40 மி.மீ. பாதரசம் இருக்கவேண்டும். அந்த எட்டுப் பேரில் அது எட்டிய உச்சம் 250. ரத்தத்தின் அமில காரச் சமநிலையைக் காட்டும் பி.ஹெச். 7.4 இருக்கவேண்டியது, ஒருவருக்கு 6.72 வரை இறங்கியது. இன்றைய எந்த மருத்துவமனை நெறிமுறைக் குழுவும் இப்படிப்பட்ட ஆய்வுக்கு அனுமதி தராது. தரவும் கூடாது என்பது என் கருத்து. ஆனாலும் அந்த எண்கள் நமக்கு ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட்டன. மூச்சு நின்றவரை முதலில் மிரட்டுவது ஆக்சிஜன் பஞ்சம். அதைத் தீர்த்துவிட்டால் அடுத்து வருவது அமிலம். முதல் நிமிடத்தில் கார்பன் டை ஆக்சைடு வேகமாக ஏறும். அதன்பிறகு நிமிடத்துக்குச் சுமார் 3 மி.மீ. வீதம் ஏறிக்கொண்டே போகும்.

இந்த 3 மி.மீ. கணக்கு இன்று நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் முற்றிலும் வேறொரு காரியத்துக்குப் பயன்படுகிறது. மூளைச்சாவை உறுதிசெய்யும்போது நோயாளியை வென்டிலேட்டரிலிருந்து பிரித்து, மூச்சுக்குழலில் ஆக்சிஜனை மட்டும் மெல்ல விட்டு, சுமார் எட்டு பத்து நிமிடம் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு 60-ஐத் தாண்டியும் மூளைத்தண்டு ஒரு மூச்சுக்குக்கூட ஆணையிடவில்லை என்றால், அது செயலிழந்துவிட்டதற்கு அது வலுவான சான்று. உறுப்பு தானத்தில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டில், மூளைச்சாவுக்குப் பிந்தைய ஒவ்வொரு தானத்துக்கும் முன்னால் இந்தச் சோதனை நடக்கிறது. சோதனை நேரம் முழுவதும் உறுப்புகள் கெடாமல் காப்பது, வோல்ஹார்ட் நாய்களிடம் கண்ட அதே ஊற்றுதான்.

தொண்டை அறுவைக்கு இந்த அறிவு அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாகப் பயன்படவில்லை. மூச்சுக்குழலில் குழாய் இல்லாமல், மூக்கு வழியாகவே தொண்டையை ஆக்சிஜனால் நிரப்ப வேண்டுமானால் வேகமான ஓட்டம் தேவை. மருத்துவமனைச் சுவரிலிருந்து வரும் ஆக்சிஜனில் ஈரம் துளியும் கிடையாது. அதை நிமிடத்துக்கு 15 லிட்டர் மூக்கில் விட்டாலே விழித்திருப்பவருக்கு எரிச்சல் தாங்காது. உள்சவ்வு காய்ந்து வெடிக்கும். இந்தத் தடையை உடைத்தது ஈரமூட்டும் தொழில்நுட்பம். ஆக்சிஜனை உடல் வெப்பமான 37 டிகிரிக்குச் சூடாக்கி, அந்த வெப்பத்தில் அது தாங்கக்கூடிய அளவு நீராவியை, அதாவது லிட்டருக்கு 44 மில்லிகிராம், ஏற்றி அனுப்பினால், நிமிடத்துக்கு 60, 70 லிட்டர் ஓட்டத்தைக்கூட மூக்கு பொறுத்துக்கொள்கிறது. நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பைக்கல் நிறுவனம் இவ்வகைக் கருவிகளைப் பரவலாக்கியது. கொரோனா காலத்தில் வார்டுகளில் ‘ஹை ஃப்ளோ’ என்ற பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதே கருவிதான் இது. வார்டில் தானாக மூச்சு விடுகிறவருக்குத் துணையாக நின்றது. அறுவை அரங்கில் மூச்சே விடாதவருக்கு வேலை செய்கிறது.

அந்தத் துணிச்சலான அடியை எடுத்து வைத்தவர்கள் லண்டனில், ராயல் நேஷனல் தொண்டை மூக்கு காது மருத்துவமனையைச் சேர்ந்த மயக்க மருத்துவர் அனில் படேலும் அறுவை மருத்துவர் ரேசா நூரேயும். ‘த்ரைவ்’ என்று பெயரிட்ட தங்கள் முறையை 25 நோயாளிகளிடம் பயன்படுத்தி, 2015-ல் ‘அனஸ்தீசியா’ இதழில் வெளியிட்டார்கள். அந்த 25 பேரும் எளிய நோயாளிகள் அல்லர். மூச்சுப்பாதை சிக்கலானவர்கள், பன்னிரண்டு பேர் உடல் பருமன் மிகுந்தவர்கள், ஒன்பது பேர் ஏற்கெனவே மூச்சு இழுக்கும்போது சத்தம் எழும் அளவுக்கு அடைப்பு உள்ளவர்கள். முதலில் மூக்கில் குழலை மாட்டி, விழித்திருக்கும்போதே ஆக்சிஜனை நிரப்பினார்கள். பிறகு ஓட்டத்தை 70 லிட்டரில் வைத்து மயக்கமும் தசைத்தளர்வும் கொடுத்தார்கள். மூச்சு நின்றது. நடுவாக எடுத்துக்கொண்டால் 14 நிமிடம். ஒருவருக்கு 65 நிமிடம். யாருடைய ஆக்சிஜன் செறிவும் 90 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை.

உலகெங்கும் மயக்க மருத்துவர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்ததற்கு ஆக்சிஜன் மட்டும் காரணம் அல்ல. கார்பன் டை ஆக்சைடு நிமிடத்துக்கு 0.15 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 1.1 மி.மீ. பாதரசம் வீதமே ஏறியது என்று அதில் இருந்தது. பழைய கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியானால் 70 லிட்டர் ஓட்டம் ஆக்சிஜனைக் கொடுப்பதோடு நிற்காமல் கழிவு வாயுவையும் வெளியேற்றுகிறதா? மூச்சு இல்லாமலேயே மூச்சின் இரண்டாவது வேலையும் நடக்கிறதா?

அதே குழுவினரும் நண்பர்களும் ஆய்வகத்தில் மாதிரிகளை வைத்து 2019-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் பக்கத்து நுரையீரலை லேசாக அமுக்கி விடுகிறது. அதனால் மூச்சுக்குழலில் சில மில்லி வாயு மேலும் கீழும் ஊசலாடுகிறது. மேலே தொண்டையில் வேகமான ஆக்சிஜன் ஓட்டம் சுழல்களை உண்டாக்குகிறது. ஊசலில் மேலே வரும் கார்பன் டை ஆக்சைடைச் சுழல் அள்ளிக்கொண்டு வாய் வழியாக வெளியேற்றிவிடுகிறது. அழகான விளக்கம். நெஞ்சு அசையாத உடலில் இதயமே ஒரு சின்னத் துருத்தியாக வேலை செய்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த உடலியல் உண்மைகளில் ஒன்று.

ஆனால் அறிவியலில் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. லண்டன் குழு அளந்தது வெளிவிடும் மூச்சில் உள்ள வாயுவை. மூச்சு நின்றிருந்தவரிடம் அது ரத்தத்தின் உண்மை நிலையைக் குறைத்துக் காட்டக்கூடும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா குழு 2017-ல் தமனி ரத்தத்தையே எடுத்து அளந்தபோது, ஏற்றம் நிமிடத்துக்கு 0.24 கிலோபாஸ்கல், சுமார் 1.8 மி.மீ. என்று வந்தது. பழைய கணக்கைவிடக் குறைவு. லண்டன் கணக்கைவிட அதிகம். பிரிஸ்பேனிலும் பெர்னிலும் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில், உயர் ஓட்டம் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்ததாகவே தெரியவில்லை.

2022-ல் பெர்ன் குழு கேள்வியை நேராகவே எதிர்கொண்டது. வளர்ந்தவர்கள் 125 பேரை ஐந்து பிரிவாக்கி, 15 நிமிடம் மூச்சு நிறுத்தத்தில் ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவுக்கு மூச்சுக்குழலில் வைத்த குழாய் வழியாக நிமிடத்துக்கு வெறும் கால் லிட்டர், ஒன்றுக்கு மூக்கில் 2 லிட்டர், ஒன்றுக்கு 10, மற்ற இரண்டுக்கும் 70. கார்பன் டை ஆக்சைடு எல்லாப் பிரிவுகளிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஏறியது. கால் லிட்டருக்கும் 70 லிட்டருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இதை வைத்து த்ரைவ் முறையை வீண் என்று தள்ளுவது தவறு. பெர்ன் நோயாளிகள் மூச்சுப்பாதையில் சிக்கல் இல்லாதவர்கள். தாடையை முன்னே தூக்கிப் பிடித்துப் பாதையைத் திறந்து வைத்தார்கள். லண்டனில் இருந்தது ஒடுங்கிய தொண்டைகளும் பருத்த உடல்களும். ஆனாலும் கழிவு வாயுவைப் பற்றிய நம்பிக்கையை நாம் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் எனக்குப் பட்ட நியாயம். ஆக்சிஜன் என்ற முதல் வேலையை இந்த முறை அற்புதமாகச் செய்கிறது. இரண்டாவது வேலையை அது செய்கிறது என்று நம்பிக் கடிகாரத்தை மறந்துவிடக் கூடாது.

மறப்பதற்கான வாய்ப்பு அறுவை அரங்கிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஜப்பானின் தகுவோ அயோயாகி 1970-களில் தந்த பெரும் கொடை. எத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது என்று எண்ணி மாளாது. ஆனால் அதற்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டுமே. திரையில் 100 என்று பச்சை எழுத்து நிற்கும். அதே நேரம் ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். இதயத் துடிப்பு தடுமாறலாம். நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகலாம். மூளைக்குள் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் கூடலாம். தலைக்காயம் உள்ளவருக்கும் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் மிகுந்தவருக்கும் இந்த முறை ஆகாது என்பது அதனால்தான். தோலின் மேல் ஒட்டி வைத்தே கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி இருக்கிறது. நீண்ட அறுவைகளில் அதை வைப்பது நல்லது. இல்லாத இடத்தில் ஒருவர் நிமிடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து தீ. குரல்வளை அறுவையில் லேசரும், மின்சாரத்தால் திசுவைச் சுடும் டயதெர்மியும் அன்றாடக் கருவிகள். எரியக்கூடிய பொருள், பொறி, ஆக்சிஜன் மூன்றும் கூடினால் தொண்டைக்குள்ளேயே தீப்பற்றும். தொண்டை முழுக்கத் தூய ஆக்சிஜனைப் பாய்ச்சும் முறையில் மூன்றாவது எப்போதும் தயாராக நிற்கிறது. வாய்க்குள் டயதெர்மி முனையில் தீப்பொறி பற்றிய நிகழ்வு ஒன்று 2017-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் இல்லாததால் எரிவதற்கு ஒரு பொருள் குறைகிறது என்பது உண்மைதான். அதை வைத்து யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். பொறி உண்டாக்கும் கருவியை எடுக்கும் முன் அறுவை மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல, மயக்க மருத்துவர் ஆக்சிஜன் விகிதத்தைக் குறைத்து, அது உண்மையிலேயே குறைய நேரம் கொடுத்து, பிறகே அனுமதிக்க வேண்டும்.

குழந்தைகளிடம் எல்லாமே வேகம். கைக்குழந்தை ஒரு கிலோ எடைக்குச் செலவழிக்கும் ஆக்சிஜன் வளர்ந்தவரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, இருப்போ சிறிது. அவர்களிடம் உயர் ஓட்டம் அவகாசத்தை நீட்டித் தரும், ஆனால் அரைமணி நேரம் தராது. அதனால் குழந்தைகளிடமும், பெரியவர்கள் சிலரிடமும், மூச்சை நிறுத்தாமலேயே செய்யும் வழியைப் பலர் விரும்புகிறார்கள். ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் சிரை வழியே மெல்ல ஏற்றி, நோயாளி தானாக மூச்சு விடும் நிலையிலேயே ஆழ்ந்து உறங்க வைத்து, மூக்கில் உயர் ஓட்டத்தை விடுவது. பிரிஸ்பேன் மருத்துவர்கள் 2017-ல் இதை விரிவாக எழுதினார்கள். இதில் இரண்டாவது வேலையை நோயாளியின் நெஞ்சே பார்த்துக்கொள்கிறது. குரல் நாண்கள் சற்று அசையும். அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

நம் ஊரில் இதன் கணக்கு சிலிண்டரில் வந்து முடிகிறது. 70 லிட்டர் ஓட்டத்தில் அரைமணி நேரம் என்றால் 2,100 லிட்டர் ஆக்சிஜன். 1,500 லிட்டர் கொள்ளும் ‘பி’ வகைச் சிலிண்டர் 21 நிமிடத்தில் காலியாகிவிடும். திரவ ஆக்சிஜன் தொட்டியும் சுவர்க் குழாயும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு இது பொருட்டல்ல. தாலுகா மருத்துவமனைக்குப் பொருட்டுதான். பெர்ன் ஆய்வை நான் மகிழ்ச்சியோடு படித்தது இந்த இடத்தில்தான். பாதை திறந்திருந்து, ஊறி வருவது தூய ஆக்சிஜனாகவும் இருந்தால், சிறிய ஓட்டமும் பெருமளவு வேலையைச் செய்துவிடும் என்று அது காட்டுகிறது. கடினமான மூச்சுப்பாதைகளுக்கான அகில இந்தியச் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டல்களும், மயக்கம் கொடுத்துக் குழாய் செலுத்தும் அந்த இடைப்பட்ட நிமிடங்களில் மூக்கு வழியாக 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்கின்றன. அதற்கு விலையுயர்ந்த ஈரமூட்டி தேவையில்லை. நோயாளி உறங்கிவிட்டதால் சில நிமிட உலர்வை மூக்கு பொறுத்துக்கொள்ளும். எந்த வார்டிலும் கிடைக்கும் சாதாரண மூக்குக் குழலும், சுவரில் திருகும் அளவுமானியும், தாடையை முன்னே தூக்கிப் பிடிக்கத் தெரிந்த ஒரு கையும் போதும். அந்த ஓட்டத்தில் அதே ‘பி’ வகைச் சிலிண்டர் நூறு நிமிடம் வரும்.